ஊழியப் படிப்புக்கு உபகாரச் சம்பளம்

பட்டம் வாங்கிய பிள்ளை, "இறையியல் படித்துப் போதகராகப் போகிறேன்" என்றால் தோட்டத்து வீட்டில் முதலில் எழும் கேள்வி பணம்தான். இன்னும் மூன்று ஆண்டுக்கு எங்கே போவது?

சிங்கப்பூர் டிரினிட்டி இறையியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் காலத்தில் சாங்கியில் சிறைப்பட்டிருந்த திருச்சபைத் தலைவர்கள் பேசி வைத்த யோசனை அது. 1948இல் சோபியா மலையில் தொடங்கி, 2001இல் அப்பர் புக்கித் தீமா சாலைக்கு மாறியது. பட்டதாரிகளுக்கான போதகர் படிப்பு அங்கே மூன்று ஆண்டு. பாடம் ஆங்கிலத்திலும் சீனத்திலும். தமிழில் படிக்க விரும்புவோர் சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரியில் விசாரிக்கலாம்.

மற்றப் படிப்புக்கு மதிப்பெண் போதும்; இதற்குச் சபையின் பரிந்துரையும் வேண்டும். அனுப்பி வைக்கும் சபையே செலவை ஏற்பதும் உண்டு. ஆகவே முதலில் உங்கள் போதகரைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை, ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமோ வேறெதுவோ, தான் போகும் ஆலயத்திலேயே கேட்கட்டும்.

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள்: கட்டணம் மட்டுமா, சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தா? முடித்தபின் எத்தனை ஆண்டு சபைக்கு உழைக்க வேண்டும்? பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

இன்னொன்று. உபகாரச் சம்பளம் படிக்கிறவரைத் தாங்கும். அவர் மாதாமாதம் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கும் வீட்டைத் தாங்காது. தம்பி தங்கையின் பள்ளிச் செலவுக்கு என்ன வழி என்று பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள். அதன் பிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.