வேறாக்கி வைத்த பீங்கான்



ஷஃபான் மாதத்தின் கடைசிப் பகுதியில் ஒருநாள், அஸருக்குப் பின் மத்ரஸாப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக் கொண்டிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊரவர்தான். முந்தானையால் வாயைப் பொத்தியபடி சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"மௌலவி, ஒரு மஸ்அலா கேக்க வந்தன். வெளியில சொல்லிராதீங்க."

"சொல்லுங்க ராத்தா."

"என்ட மூத்த மகன் கெம்பஸ் முடிச்சிட்டு வந்திருக்கான். தொழுகை இல்ல. நோன்பு வரப்போகுது, புதுசா முஸல்லா ஒண்டு வாங்குவமா என்டு கேட்டன். 'உம்மா, அல்லாஹ் இருக்கான் என்டு எனக்கு நம்பிக்கை வருதில்ல. உங்களுக்காகப் பொய்க்கு நோன்பு புடிக்க ஏலாது' என்டு சொல்லிட்டான். அவன்ட சாச்சா கேள்விப்பட்டு வந்து, 'இவன் முர்தத்து. இவன்ட பீங்கானையும் கோப்பையையும் வேறாக்கு' என்டு சத்தம் போட்டுட்டுப் போறாரு. நானும் வேறாக்கிட்டன். மூணு நாளா அந்தப் பீங்கான்லதான் திங்கிறான். ஒண்டும் சொல்றானில்ல. நான் செஞ்சது சரியா மௌலவி?"

அந்தரங்கம் காக்க வேண்டிய அடையாளங்களை மாற்றி, அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். இதே கவலை இன்று வேறு பல வீடுகளிலும் இருப்பதை நான் அறிவேன். சில தாய்மார் கேட்கிறார்கள். பலர் கேட்காமல் அழுகிறார்கள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "இவன் சின்ன வயசில இதப் பத்தி ஏதாவது கேட்டிருக்கானா?" என்றேன். அவர் தலையைக் குனிந்து கொண்டார்.

"ஏழு வயசில கேட்டான். 'எல்லாத்தையும் அல்லாஹ் படைச்சான் என்டா அல்லாஹ்வ யாரு படைச்ச?' என்டு. எனக்குப் பயமாப் போச்சு. வாயில கொச்சிக்காய் தேச்சன். அதுக்குப் பொறகு அவன் என்னிட்ட ஒண்டும் கேட்டதில்ல."

சகோதரிகளே, இந்தக் கேள்வி மனிதர்களின் உள்ளத்தில் எழும் என்பதை நபி (ஸல்) அவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுந்தால் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, அந்த எண்ணத்தின் பின்னால் போகாமல் நிறுத்திக்கொள்ளும்படி கற்பித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் தமக்கு வருவதாக ஸஹாபாக்கள் சிலர் வந்து முறையிட்டபோது, அந்த அச்சத்தையே அவர்களின் ஈமானுக்கு அடையாளமாக எடுத்துச் சொன்னார்கள். யாருடைய வாயிலும் கொச்சிக்காய் தேய்க்கவில்லை. இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இப்ராஹீம் (அலை) அவர்கள் ரப்பிடமே கேட்டார்கள். உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்கிறேன் என்றார்கள் (2:260). கேள்வி கேட்ட ஏழு வயதுப் பிள்ளை நம்மிடம்தான் கேட்டது. பதினைந்து வருடம் கழித்து அது நம்மிடம் கேட்காமல் வேறிடத்தில் விடை தேடியதென்றால் அந்தக் கதவை அடைத்தது யார்?

இதைச் சொல்லும்போது என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடைய ஈமான் எங்கிருந்து வந்தது? அரபுக் கல்லூரிக்குப் போவதற்கு வெகு காலம் முன்பே அது வந்துவிட்டது. மூத்தம்மாவின் பாயில்தான் வந்தது. 1990இல் கிழக்கு மாகாணம் முழுவதும் முஸ்லிம் ஊர்கள் பயந்து விழித்திருந்த இரவுகளில், குப்பி விளக்கைத் தணித்துவிட்டு, எங்களை அணைத்துக் கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதி எங்கள் நெஞ்சிலும் கதவின் நான்கு பக்கமும் ஊதுவா. அந்த வாயில் வெற்றிலை மணக்கும். அப்போது நான் நம்பியது அல்லாஹ்வையா, மூத்தம்மாவின் குரலையா? இன்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் இயற்கையான தூய நிலையில் பிறக்கிறது, பெற்றோரே அதை வேறு வழிக்குத் திருப்புகிறார்கள் என்ற ஹதீஸை நாம் அடிக்கடி மேடையில் சொல்கிறோம், பிறரைச் சுட்டிக் காட்டுவதற்காக. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ அதைத் தம் பக்கமே திருப்பினார்கள். ஒவ்வொரு மதத்தாரின் பிள்ளையும் அந்தந்த மதத்திலேயே வளர்வதைக் கண்டு, நான் நம்புவது வளர்ப்பினால் மட்டும் தானா என்று தம்மையே கேட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் எதிலும் உறுதியில்லாத நிலையில் இருந்ததாகவும், வாதங்களால் அல்ல, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினால்தான் அதிலிருந்து மீண்டதாகவும் 'அல் முன்கித் மினள் ளலால்' என்ற நூலில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் யாராவது அவர்களுடைய பீங்கானை வேறாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இனி, நாத்திகர் என்றதும் நம் மனதில் எழும் உருவத்தைப் பற்றி. குடிகாரன், கெட்டவன், உம்மா வாப்பாவை மதிக்காதவன் என்றெல்லாம் நினைக்கிறோம். எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒருவர் இருந்தார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டவர். அதை அவர் மறைக்கவும் இல்லை, வகுப்பில் பறைசாற்றவும் இல்லை. ளுஹர் பாங்கு கேட்டால் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "போறவங்க போயிட்டு வாங்கடா" என்பார். அவருடைய அலுமாரியில் கோவூரின் புத்தகங்கள் இருந்தன. கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் மகனாகப் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக இருந்து, 1978இல் காலமான அதே ஏப்ரகாம் கோவூர்தான். பேயோட்டிகளையும் மந்திரவாதிகளையும் அம்பலப்படுத்துவதையே வேலையாகக் கொண்டிருந்தவர். கடவுளைப் பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் அஞ்சனம் பார்க்கிறவனிடமும் செய்வினை எடுக்கிறவனிடமும் காசைக் கொட்டும் நம் வீடுகளைப் பார்க்கும்போது, குறிகாரனிடம் போகாதே என்ற நபிமொழியை நாம் மறந்ததால்தான் அதை ஒரு நாத்திகர் வந்து சொல்ல வேண்டியதாயிற்று என்று தோன்றும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் மையித்துகளைத் தூக்க ஆள் போதவில்லை. மூன்று நாள் அந்த சேர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்கம்பியிலும் கிணற்றிலும் கிடந்த ஜனாஸாக்களை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் தொழுவித்தோம். தொழும்போது ஓரமாக நின்றார். மண் போடும்போது வந்து மண் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குத்பா எனக்கு விழுந்தது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பட்டம் பெற்று அதிக நாளாகவில்லை. மிம்பரில் ஏறி, இது நம் பாவத்துக்கு இறங்கிய தண்டனை, நம் பெண்களின் உடுப்பைப் பாருங்கள், வீட்டுக்கு வீடு ரீவியைப் பாருங்கள் என்று முழங்கினேன். ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது. பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

இஷாவுக்குப் பின் சேர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மௌலவி, நீ பேசினது பள்ளிக்குப் பின்னால முகாம்ல இருக்கிற அந்தப் புள்ளைக்கும் கேட்டிருக்கும். ரெண்டு புள்ளையையும் கையிலிருந்து விட்டவ. அவட உடுப்புக்காகத்தான் அவட புள்ளைகள் போனதா? நான் நம்புறல்ல, அது உனக்குத் தெரியும். ஆனா என்ட உம்மா சொல்லித் தந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. தண்ணியில போறவங்க ஷஹீத் என்டு உங்கட கிதாபுல இல்லையா?"

இருக்கிறது. புகாரியில் இருக்கிறது, முஸ்லிமில் இருக்கிறது. நீரில் மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் இறந்தவரும் ஷஹீத்களின் பட்டியலில் இருக்கிறார்கள். ஏழு வருடம் ஓதி வந்த எனக்கு அது தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தும் நாவில் வரவில்லை. நம்பிக்கையில்லாத ஒரு மனிதரின் வாயிலிருந்து, அவருடைய உம்மா எப்போதோ ஊட்டிய சோற்றின் மிச்சம் போல, அந்த ஹதீஸ் எனக்குத் திரும்பி வந்தது. அடுத்த ஜும்ஆவில் அதைச் சொல்லி, முன் வாரம் பேசியதற்கு மிம்பரிலேயே மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் கேட்டாவா என்று எனக்குத் தெரியாது. இன்றும் பாதையில் காணும்போது முந்தானையை இழுத்துவிட்டுக் கொண்டு ஒதுங்கிப் போகிறா. நான் சலாம் சொல்கிறேன்.

சேர் கடைசிவரை தொழவில்லை. அவருடைய கணக்கு அல்லாஹ்விடம். அவரைக் கொண்டு நாத்திகத்துக்கு நான் நற்சான்று கொடுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். படைத்தவனை மறுப்பதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தெரியாது. அவருக்காக இன்றும் என் மனம் வலிக்கிறது. ஆனால் வலிப்பது வேறு, வெறுப்பது வேறு.

வெறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் கண்டோம். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகம் பேசிய ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சிறு பிள்ளைகளின் தகப்பன். மகனை இழந்த வாப்பா, தானும் மகனுடைய இயக்கத்தில் சேரப்போவதாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. அந்தக் கத்தி ஒருவரையாவது ஈமானுக்குக் கொண்டு வந்ததா? இருந்த ஒருவரையும் அல்லவா வெளியே தள்ளியது!

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மகனின் பீங்கானை வேறாக்கும்படி நான் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை. யமாமாவின் தலைவர் ஸுமாமா, நம்பிக்கை கொள்ளாத நிலையில் சிறைப்பட்டு வந்தபோது நபியவர்களின் பள்ளித் தூணிலேயே கட்டப்பட்டிருந்தார். நபியவர்கள் மூன்று நாளும் அவரிடம் போய் நலம் கேட்டார்கள். பிறகு நிபந்தனையின்றி அவிழ்த்துவிடச் சொன்னார்கள். போன மனிதர் குளித்துவிட்டுத் திரும்பி வந்து கலிமாச் சொன்னார். இணைவைப்பவராக இருந்த தாய் தேடி வந்தபோது அஸ்மா (ரலி) அவர்கள் என்ன செய்வதென்று கேட்க, உறவைப் பேணும்படிதான் பதில் வந்தது. தாய்க்கு மகள் செய்யலாமென்றால் மகனுக்குத் தாய் செய்யக்கூடாதா?

"அவன முர்தத்து என்டு சொல்ற வேலைய சாச்சாவும் எடுக்க வேணாம், நீங்களும் எடுக்க வேணாம். சந்தேகப்படுறவன் வேற, மறுக்கிறவன் வேற. அவன் எதில நிக்கிறான் என்டு அவனுக்கே இன்னும் தெரியாம இருக்கலாம். ஒண்டு மட்டும். நிக்காஹ் பேச்சு வந்தா பொண் வீட்டாருக்கு மறைக்காதீங்க. அது அந்தப் புள்ளைக்குச் செய்யிற அநியாயம்."

"என்ட வளர்ப்புத்தான் பிழை என்டு எல்லாரும் சொல்றாங்க மௌலவி."

"நூஹ் நபிட வளர்ப்பும் பிழையா ராத்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மலைபோல் அலை எழும்பி வரும் நேரத்திலும், கப்பலில் ஏற மறுத்த மகனை நூஹ் (அலை) அவர்கள் 'காபிரே' என்று கூப்பிடவில்லை. "என் அருமை மகனே" என்ற பொருள் தரும் சொல்லால்தான் கூப்பிட்டார்கள். ஸூரா ஹூதில் இருக்கிறது. அலை குறுக்கே வந்து மறைக்கும் வரைக்கும் கூப்பிட்டார்கள். கடலைக் கண்ட ஊர்க்காரியான அவருக்கு அதற்குமேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏழு வயசில கொச்சிக்காய் தேச்சதுக்கு?" என்று கேட்டார்.

"அவனிட்டயே மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

நோன்பு பதினேழில் தராவீஹுக்கு வந்திருந்தபோது, பெண்கள் பக்கத்து வாசலில் என்னை நிறுத்தினார். கேட்டுவிட்டாராம். மகன் சிரித்துவிட்டு, "அது எனக்கு மறந்து போச்சு உம்மா" என்றானாம். மறக்கவில்லை என்று தாய்க்குத் தெரிந்ததாம்.

"இப்ப ஸஹருக்கு என்னை எழுப்புறதே அவன்தான் மௌலவி. விடிய விடிய கொம்பியூட்டர்ல வேலை. மூணரைக்கு வந்து, 'உம்மா எழும்புங்க, நேரம் போகுது' என்டு காலத் தடவுறான். நான் சோத்தச் சூடாக்கி, ஒரே சஹன்ல ரெண்டு பேருக்கும் போடுறன். திண்டுட்டுப் படுத்துருவான். நோன்பா இல்லையா என்டு நான் கேக்கிறல்ல."