மணல்மேட்டின் முகடு

செவ்வக மேசையில் மணலைக் கொட்டிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் வழிந்தது போக, நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரை போலக் குவியல் நிற்கும். எங்கும் ஒரே சரிவு, விளிம்பில் உயரம் பூஜ்யம்: ஐகோனல் சமன்பாடு இதுதான். முகட்டில் வகைக்கெழு கிடையாது. முகடில்லாத தீர்வு கேட்டால், நடுவே எங்கோ சரிவு பூஜ்யமாகியே தீரும் என்று ரோல் தேற்றம் கதவைச் சாத்திவிடும். முகட்டை அனுமதித்தாலோ ரம்பப்பல் மாதிரி எண்ணற்ற தீர்வுகள். சமன்பாடு சரிவைப் பொறுத்துக் குவிவானது. அதனால் முகடு வரலாம், பள்ளக்கோடு வராது. மணல் தேர்ந்தெடுக்கும் அந்த ஒன்றுக்கு 1983இல் கணிதவியலாளர்கள் கிராண்டாலும் லயன்ஸும் வரையறை தந்தார்கள். அதற்கு வைத்த ‘பாகுநிலைத் தீர்வு’ என்ற பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. பாகுநிலை என்பது பழைய முறையில் சமன்பாட்டோடு துளி சேர்த்துப் பிறகு பூஜ்யமாக்கிவிடும் உறுப்பு. வரையறையில் அது சொட்டுகூட இல்லை.