எட்டும் ஐந்தும்

“அக்கா எந்திரிச்சு அடுப்படிக்கு வந்துருச்சு, இனிக் கவலையில்ல.” தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் சொல்லப்படும் நற்செய்தி இது. ஆணுக்கு வேறு நற்செய்தி: “டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்துட்டாரு.”

இதை ஊர்ப்புறத்து அறியாமை என்று ஒதுக்க முடியாது. முதியோரின் அன்றாடத் திறனை அளக்க 1969இல் அமெரிக்காவில் லாட்டனும் பிராடியும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மறுவாழ்வுத் துறையில் அது இன்றும் புழங்குகிறது. தொலைபேசி, கடை, சமையல், வீட்டு வேலை, துவைத்தல், பயணம், மருந்து, பணம் என எட்டுச் செயல்கள். மூல வடிவில் பெண்ணுக்கு எட்டு மதிப்பெண், ஆணுக்கு ஐந்து. சமையல், வீட்டு வேலை, துவைத்தல் மூன்றும் ஆணின் கணக்கில் இல்லை. கஞ்சி வைக்கத் தெரியாத ஆண் முழு மதிப்பெண் வாங்கலாம், பெண்ணால் முடியாது. பின்னாளில் இருபாலருக்கும் எட்டையும் கேட்கத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் இன்னும் பழைய கணக்குத்தான்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால் சிலருக்குத் தட்டின் இடப்பாதிச் சோறு கண்ணில் படாது. சிலருக்குக் கையில் வலு இருக்கும், பல் துலக்கும் வரிசை மறந்திருக்கும். பிசியோதெரபி கையைத் தூக்கப் பழக்குகிறது என்றால், ஆக்குபேஷனல் தெரபி அந்தக் கையால் ரவிக்கைக் கொக்கியை மாட்டப் பழக்குகிறது. உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழை, கழற்றும்போது கடைசியில் எடு. அடுப்பை அணைத்தாயா என்று சுவரில் எழுதி ஒட்டு. பிறர் கையை எதிர்பார்க்காமல் கழிப்பறை போய்வருவது மானப் பிரச்சினை. அதற்கும் பயிற்சி உண்டு.

பயிற்சி தர ஆளில்லாதபோது குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்கிறோம். குடும்பம் என்றால் யார்? ஆண் படுத்தால் மனைவி ஊட்டுகிறாள், சட்டைப் பொத்தான் போடுகிறாள். அவர் தானாகச் செய்யக் கற்பதேயில்லை. பெண் படுத்தால் தையல் ஆறுமுன் அடுப்படி கூப்பிடுகிறது. ஆக, இந்தச் சிகிச்சை இல்லாததன் விலையை இரண்டு வீட்டிலும் பெண்ணே கொடுக்கிறாள்.

1950இல் மும்பையில் இத்துறைக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்ற பெண். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. ஆக்குபேஷனல் தெரபியும் அப்படி வரட்டும். கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஒவ்வொரு பயிற்சிக்கும் மதுரைக்கு பஸ் ஏறச் சொல்வது, வராதே என்று சொல்வதுதான்.

வருகிறவர் முதலில் அவளிடம் கேட்கட்டும்: உனக்கு எது திரும்ப வேண்டும்? விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறுவதா, மகளிர் குழுக் கணக்கு எழுதுவதா, வாசலில் உட்கார்ந்து தன் தலையைத் தானே பின்னிக்கொள்வதா? சமையல் என்று அவள் சொன்னால் சமையலைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லாவிட்டால், வீட்டிலிருக்கும் ஆணுக்குச் சொல்லிக்கொடுங்கள்.