அப்டேட்டா? அப்புறம் பார்த்துக்கலாம்!

தஞ்சாவூர்க் கல்லூரிப் பசங்களிடம் ஒரு வேதவாக்கு உலவுகிறது. "அப்டேட் வந்தா உடனே போடாத மச்சி. ஒரு மாசம் விடு. நாலு பேர் போட்டுப் பார்க்கட்டும், அவனுங்க ஃபோன் உசுரோட இருந்தா அப்புறம் நம்ம போட்டுக்கலாம்." கேன்டீனிலும் சொல்கிறார்கள், மொபைல் சர்வீஸ் கடையிலும் சொல்கிறார்கள். சொல்பவர் முகத்தில் நாலு ஃபோனைப் புதைத்தவரின் ஞானக்களை வேறு!

இந்த வேதவாக்கில் பாதி உண்மை. மீதிப் பாதி அடுத்தவன் பணத்தோடு விளையாடுவது.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடலாம். பயப்படுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. 2014 செப்டம்பரில் ஆப்பிள் விட்ட ஐஓஎஸ் 8.0.1-ஐப் போட்ட ஐஃபோன் 6-காரர்கள் பலருக்கு சிக்னலே போய்விட்டது. கொஞ்ச நேரத்திலேயே ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்தது. நாலு நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. அதே மாதம் இத்தாலியில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம். அப்டேட் என்ற பெயரில் பழைய ஃபோன்களை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தியாவிலும், அப்டேட் போட்ட கையோடு திரையில் பச்சைக் கோடு விழுந்தது என்று புகார்கள் குவிந்து, 2023-ல் ஒன்பிளஸ் சில மாடல்களுக்கு வாழ்நாள் திரை உத்தரவாதம் தரவேண்டி வந்தது. ஆக, சூடு கண்ட பூனை பாலைப் பார்த்துத் தயங்குவதில் தப்பில்லை.

ஆனால் "அப்டேட்" என்ற ஒரே பெயரில் இரண்டு சமாச்சாரம் வருகிறது. ஒன்று, பதிப்பு உயர்வு. ஆண்ட்ராய்டு 14-லிருந்து 15-க்குப் போவது, ஐகான் வட்டமாவது, செட்டிங்ஸ் இடம் மாறுவது எல்லாம் இதில் சேர்த்தி. இதை ஒரு மாதம் என்ன, இரண்டு மாதம் தள்ளிப் போட்டாலும் யார் குடியும் முழுகாது. இன்னொன்று பாதுகாப்பு அப்டேட். சின்னதாக வரும், போட்ட பிறகு கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. "இதுக்கா இவ்வளவு நேரம் ரீஸ்டார்ட் ஆச்சு" என்று எரிச்சல்தான் மிஞ்சும். வேதவாக்கு சொல்பவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிகிறார்கள்.

பாதுகாப்பு அப்டேட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படி எறிய மனம் வராது. மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைச் சிலருக்குத்தான் தெரியும், சில நேரம் யாருக்குமே தெரியாது. நிறுவனம் அதை அடைத்து அப்டேட்டை வெளியிடுகிறது. அந்த நிமிடமே ஓட்டை ஊரறிந்த விஷயமாகிவிடுகிறது. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், ஓட்டை எங்கே என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். வெண்ணாற்றங்கரையில் எலி வளை எங்கே இருக்கிறது என்று பொதுப்பணித்துறை போர்டு எழுதி வைத்த மாதிரி. மூட்டை அடுக்கியவன் பிழைத்தான். "பக்கத்து ஊர்க்காரன் அடுக்கட்டும், பார்த்துட்டு அடுக்கலாம்" என்றவன் வயலுக்குத்தான் தண்ணீர் வரும். அதாவது அப்டேட் வருவதற்கு முந்தைய நாளைவிட, வந்த பிறகு அதைப் போடாமல் இருக்கும் நாளில்தான் ஆபத்து அதிகம்.

கதையில்லை, நடந்ததுதான். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் ஓர் ஓட்டையை அடைத்தது. ஏப்ரல் 14 அன்று, அதே ஓட்டைக்குள் நுழைய அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ வைத்திருந்த கருவியை ஒரு கும்பல் இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று வானாக்ரை கிளம்பியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திராவில் சில மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகள் மாட்டின. கேரளாவில் ஊராட்சி அலுவலகக் கணினிகள் திரையில் மிரட்டல் கடிதத்தோடு நின்றன. "அதெல்லாம் பழைய எக்ஸ்பி வெச்சிருந்த ஆளுங்க" என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். பிறகு காஸ்பர்ஸ்கி எண்ணிப் பார்த்ததில், பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. அதாவது மருந்து 59 நாளாகக் கிடைத்துக்கொண்டிருந்த கணினிகள்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி எழுந்து, "ஒரு மாசம்தானே பொறுக்கச் சொன்னோம்? ஏப்ரல்ல போட்டிருந்தாலும் தப்பிச்சிருப்பானே!" என்பார். கணக்கு சரிதான். ஆனால் எவன் ஒரு மாதத்தோடு நின்றான்? காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, முப்பதாவது நாள் காலையில் அப்டேட் போட்ட ஒரு மனிதரைக் காட்டுங்கள், மேல வீதியில் தேரே இழுக்கலாம் :-) "ஒரு மாசம் கழிச்சு" என்று சொல்கிறவர் உண்மையில் மறந்துவிடப் போகிறார். மேலும் ஒரு மாதம் என்பது பாதுகாப்பான எண்ணும் அல்ல. 2003-ல் பிளாஸ்டர் புழு வந்தபோது ஜூலை 16 அன்று மருந்து, ஆகஸ்ட் 11 அன்று நோய். இருபத்தாறே நாள்.

அடுத்து 2024 ஜூலை 19-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அது பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் காவல் மென்பொருள். வீட்டு லேப்டாப்பில் அது இருக்க வாய்ப்பே குறைவு. தானாக இறங்கிய அந்த அப்டேட்டைத் தள்ளிப்போட உட்கார்ந்திருந்தவருக்கு பட்டனும் கிடையாது. அதை வைத்து அப்பாவின் ஃபோனுக்குத் தீர்ப்பு எழுதுவது, ஏரோப்ளேன் விழுந்தது என்று சைக்கிளை விற்பது மாதிரி.

அப்பாவின் ஃபோன் என்றதும்தான் விஷயமே வருகிறது. வேதவாக்கு சொல்லும் மகன் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஃபோன் மாற்றுகிறான். பழையது எங்கே போகிறது? ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ வயலில் நிற்கும் அப்பாவின் சட்டைப் பைக்கு. பல விலை குறைந்த மாடல்களுக்கு நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்ட வயது அது. வந்த அப்டேட்டையும் மகன் போடாமலே கொடுத்திருப்பான். அந்த ஃபோனில்தான் ஆதார் ஓடிபி வருகிறது, பிஎம் கிசான் பணம் வந்த மெசேஜ் வருகிறது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான காசு வங்கிக்கு வந்த சேதி வருகிறது.

காமர்ஸ் படிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025-26 கொள்முதல் பருவத்தில் சன்னரகத்துக்கு குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டை நூறு என்றால் 40 குவிண்டால், 1,01,800 ரூபாய். யூபிஐயில் ஒருவருக்கு ஒருவர் ஒரு நாளில் அனுப்பும் பொதுவான உச்சவரம்பு 1 லட்சம். நாற்றங்கால் விட்டதிலிருந்து அறுவடை மெஷினுக்கு வாடகை கொடுத்தது வரை ஒரு சம்பா முழுக்கப் பட்ட பாடு, ஒரே நாளில் காலியாகக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பதினோராம் வகுப்பிலேயே முன்னெச்சரிக்கைக் கோட்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். வரப்போகிற லாபத்தைக் கணக்கில் ஏற்றாதே, வரக்கூடிய நட்டத்துக்கு ஒதுக்கு வை. அப்டேட் போட்டால் வரக்கூடிய நட்டம் மெதுவாகும் ஃபோன். போடாவிட்டால் வரக்கூடிய நட்டம் மேலே உள்ள எண். பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள் ஃபோனைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறார்கள்.

"ஓட்டை வழியா எவன் வந்தான்? ஜனங்க ஏமாந்துதான் பணம் போகுது" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை நிறைய. கல்யாணப் பத்திரிகை என்றும் பிஎம் கிசான் என்றும் வாட்ஸப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டு ஏமாந்தவர்கள்தான் அதிகம். 'உங்கள் ஃபோனுக்கு அவசர அப்டேட்' என்று லிங்க் வந்தால் அதுவும் திருட்டுதான். உண்மையான அப்டேட் செட்டிங்ஸில் மட்டும்தான் வரும். ஆனால் அந்த ஏபிகே உள்ளே வந்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதை முடிவு செய்வது எது? வெளியிலிருந்து நிறுவிய ஆப், அணுகல்தன்மை அனுமதியைச் சுலபமாகப் பெற்றுத் திரையைப் படிப்பதற்கு 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 ஒரு தடை வைத்தது. முழுத் தடை இல்லை, சுற்றி வரும் திருடர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் பழைய பதிப்பில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஆக, பதிப்பு உயர்வைக்கூட ஒரு மாதம் தள்ளலாம், காலாகாலத்துக்கும் தள்ள முடியாது. எதையும் தொடாமலே மாட்டிய காலமும் உண்டு. 2015-ல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டைக்கு ஒரு எம்எம்எஸ் வந்து விழுந்தாலே போதும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அமளியில்தான் கூகுள் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையையே ஆரம்பித்தது.

"என் ஃபோன், என் இஷ்டம்" என்பவர்களுக்கு டெல்டாவில் பதில் சொல்வது சுலபம். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பதற்கு முன் வாய்க்காலைத் தூர்வாரி வைக்க வேண்டும். ஒருவன் தன் பங்கை விட்டால் காய்வது அவன் வயல் மட்டுமில்லை, கடைமடை முழுக்கக் காயும். அதனால்தான் குடிமராமத்து என்று ஒரு வழக்கமே இருந்தது, 1858-ல் அதற்குச் சட்டமும் வந்தது. வானாக்ரையும் அப்படித்தான், ஒரு கணினியிலிருந்து அதே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த கணினிக்குத் தானே தாவியது. திருடர் கைக்குப் போன ஒரு ஃபோனிலிருந்து அதில் உள்ள எல்லா எண்ணுக்கும் அதே கல்யாணப் பத்திரிகை போகும். மாமா அனுப்பியது என்று நம்பித்தான் அத்தை தொடுவார்.

நிறுவனங்களையும் சும்மா விடக் கூடாது. ஓட்டை அடைக்கும் நாலு வரியோடு விளம்பர ஆப் இரண்டைச் சேர்த்துக் கட்டி அனுப்பியது யார்? ஒட்டுப்போட வந்த ஆள் வீட்டு அலமாரியையும் மாற்றி வைத்துவிட்டுப் போனால் அடுத்த முறை யார் கதவைத் திறப்பார்கள்? பாதுகாப்பைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் கொடு, எத்தனை வருடம் கொடுப்பாய் என்று பெட்டியின் மேலேயே விலைக்குப் பக்கத்தில் அச்சடி என்று கேட்பதுதான் வாங்குபவர்கள் போடவேண்டிய சண்டை. திருட்டு விண்டோஸ் போட்டுவிட்டு, 'அசல் இல்லை' என்ற எச்சரிக்கை வரக் கூடாது என்பதற்காக அப்டேட்டையே அணைத்துவிடும் கடைக்காரர்கள் இன்னொரு கூட்டம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கடைக் கணினியில் ஆதாரை ஸ்கேன் செய்யக் கொடுப்பதற்கு முன் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே.

இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அப்பாவின் ஃபோனை வாங்கி, செட்டிங்ஸில் 'ஃபோனைப் பற்றி' பகுதியில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் வீட்டு வைஃபையிலோ உங்கள் ஹாட்ஸ்பாட்டிலோ அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையது, புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அந்த ஃபோனிலிருந்து யூபிஐயை எடுத்துவிட்டு, நெல் பணம் வரும் கணக்கை எந்தப் பணப் பரிமாற்ற ஆப்பிலும் இணைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். டீக்கடைக்கும் உரக்கடைக்கும் வேறு ஒரு கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் போதும்.