பயன் சொல்ல வேண்டியவர் யார்?

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையை நேயர்கள் அறிவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிருக்கும் மற்றொருவர் அதன் பொருளை விரித்துரைப்பார். இதனைப் 'பயன் சொல்லுதல்' என்பது நம்மவர் வழக்கு. கச்சியப்ப சிவாசாரியார் அருளிய 10,000 இற்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட அப்பெருநூல், ஏட்டைத் தொட்டறியாத முதியோர் நெஞ்சிலும் குடிகொண்டமைக்கு இப்பயனுரை பெரிதும் துணைநின்றது.

இன்று நமது வீடுகளில் நிகழ்வது யாது? செய்யுள் உண்டு, பயன் இல்லை. பாடசாலையிலே சமயம் ஒரு பாடம். ஐப்பசி அமாவாசையை அடுத்த ஆறு நாட்கள் கந்தசஷ்டி விரதம் என்பதையும், மாமரமாய் நின்ற சூரபன்மன் சேவலும் மயிலும் ஆனான் என்பதையும் பிள்ளைகள் பிழையற எழுதுவர். நல்ல புள்ளியும் பெறுவர். ஆனால், அதே வீட்டில் ஆண்டுதோறும் அவ்விரதம் நோற்கும் ஆச்சி எதை வேண்டி நோற்கத் தொடங்கினார், வேண்டியது கிட்டாதபோது என்ன நினைத்தார் என்று வினவினால் விழிப்பர். ஆச்சி சொன்னதில்லை, அவர்கள் கேட்டதுமில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். கந்தசஷ்டியை ஒட்டிய நாட்கள் அவை. போர் நெருங்கவே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அன்று கைக்குழந்தையோடு நடந்த இளந்தாய்மார் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். அக்காலத்தும் அதன் பின்னரும் முருகனைக் கூவியழைத்தோருள், பிரிந்தவரை மீண்டும் கண்டோர் உளர். இன்றுவரை காணாதோரும் உளர். காணாதோருள்ளும் விரதம் தவறாதவர் இருக்கின்றனர். அஃது ஏன்? அதற்கு விடை எப்பாடநூலிலும் இல்லை. அவர்களிடமே உண்டு.

ஆதலின், பெரியோர்களே, பயன் சொல்ல வேண்டியவர் நீங்களே. அற்புதங்களை அடுக்க வேண்டுவதில்லை. 'நாங்கள் அந்தக் காலத்திலே' என்று தொடங்கி இளையோரைக் குறைகூறவும் வேண்டா. கேட்டது கிடைத்ததாயின் அதனைச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையாயின் அதனையும் மறையாது சொல்லுங்கள். மனம் தளர்ந்த நாள் உண்டென்றால் அதுவே முதன்மையாகச் சொல்லத் தக்கது. தம் பாட்டன் பாட்டிமார் ஒருபோதும் ஐயுற்றதில்லை என்று நம்பி வளரும் பிள்ளை, தனக்கு ஐயம் தோன்றும் நாளில், தான் ஒருவனே குடும்பத்துக்குப் புறம்பானவன் எனக் கருதித் தனித்துப் போவான். உங்கள் தளர்ச்சியைக் கேட்டறிந்த பிள்ளையோ உங்களிடம் வருவான்.

சூரன்போர் முடிந்த மறுநாள், பாறணைக்கு வீட்டார் ஒருங்கே இருக்கும் வேளை இதற்கு மிக ஏற்றது. கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசி இருக்கவே இருக்கிறது.

மாணவர்களே, நீங்களும் வாளாவிருத்தல் ஆகாது. அப்புவையும் ஆச்சியையும் அணுகிக் கேளுங்கள். சில துயரங்கள் எளிதில் வாய்விட்டுச் சொல்லத்தக்கன அல்ல. அவர்கள் மௌனம் சாதித்தால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த ஆண்டும் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஆனால் மிகவும் தாமதியாதீர்கள். செய்யுள் ஏட்டில் இருக்கும், பயன் சொல்வோர் என்றும் இருப்பாரல்லர்.