ஓசை அடங்கினால் வேகம் அடங்குமா?

சேலம்–நாமக்கல் சமவெளிச் சாலையில் ஆறு சிலிண்டர் காரில் செல்வோர் அதன் அமைதியை வியப்பர். காரணம் எளிது. 2014 வரை உருவான அம்பாசடர் கார்களுக்கு நான்கு சிலிண்டர்கள். கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை எரிபொருள் எரிந்து விசை தரும். ஆறு சிலிண்டரிலோ மும்முறை. ஒரே வரிசையில் அமைந்த ஆறு பிஸ்டன்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அதிர்வும் அடங்கிவிடுகிறது.

பழைய வண்டியில் இரைச்சலே எச்சரிக்கை மணி; அது கூடியதும் பின்னிருக்கையிலிருந்து "மெல்லப் போங்கள்" என்று குரல் எழும். அமைதியான வண்டியில் அக்குரல் எழாது. ஆனால் வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். முன்னே செல்லும் லாரி திடீரென நின்றால்?

குடும்பத்தோடு பயணம் செய்யும் அன்பரே, காதை நம்பாதீர், வேகமானியை நோக்குவீர்.