அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு பெண் பிள்ளைக்கு விபரீதம் நேர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள் வாயிலிருந்து உடனே ஒரு கேள்வி வந்துவிடும். "அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலை?" கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பெண்ணைப் பெற்றவர்கள், பேத்திகளை வளர்த்தவர்கள். கவலையில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இந்தக் கேள்வி நம் பெண்களைக் காப்பாற்றுவதில்லை, அவர்களை இன்னும் ஆபத்தில் தள்ளுகிறது என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இன்று எழுதுகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, ஒப்பவில்லை என்றால் திட்டுங்கள்.

பள்ளியில் பிரெஞ்சு வழியாகப் படித்தவன் நான். அரசாங்கத்தில் ஆங்கிலக் கோப்புகளோடு காலம் தள்ளினாலும், ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சுச் செய்திகளைப் படிக்கும் பழக்கம் திரும்ப ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பல குடும்பங்களுக்கு அந்த நாட்டில் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருக்கிறார்கள். அதனால் அங்கே ஒரு மாணவிக்கு ஏதாவது ஆகிவிட்டது என்றால் அதை அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

2018 செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி காணாமல் போனாள். வயது இருபது. பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் பட்டது போதும். படிப்புச் செலவுக்காக ஒரு ஓட்டலில் இரவு வரவேற்பாளராக வேலை பார்த்து வந்தவள். அன்றைக்கும் இரவுப் பணி முடித்து, காலையில் ஓட்டலைவிட்டு வெளியே வந்தாள். இணையத்தில் வாடகைக்கு என்று விளம்பரம் வந்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் பக்கத்து நகரமான ஷில்டிகைம் போனாள். திரும்பவில்லை.

இதை இரண்டு முறை படியுங்கள். இரவு முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் வந்து போகும் ஒரு ஓட்டலில் அவள் விழித்திருந்தாள். அந்த இரவு அவளை ஒன்றும் செய்யவில்லை. பொழுது விடிந்த பிறகு, வெளிச்சத்தில், ஒரு நியாயமான காரியத்துக்காகப் போன இடத்தில்தான் உயிர் போயிற்று. "அந்த நேரத்தில் அவளுக்கு என்ன வேலை" என்று கேட்டால், வீடு தேடும் வேலை என்பதுதான் பதில்.

பெற்றோரும் உற்றாரும் நண்பர்களும் காடு காடாகத் தேடினார்கள். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2019 அக்டோபரில்தான் வோஜ் மலைப் பக்கத்துக் காட்டில் அவளுடைய எச்சங்கள் கிடைத்தன. விளம்பரம் கொடுத்திருந்தவன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஆள், அரசுத் துறையில் வேலை பார்த்தவன். முன்பே பாலியல் வன்முறைக் குற்றங்களுக்காகப் பதினைந்து ஆண்டு தண்டனை வாங்கி, சிறையிலிருந்து வெளியே வந்திருந்தவன். 2022 ஜூலையில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அடுத்த ஆண்டு கொல்மாரில் நடந்த மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று.

ஆக, ஆபத்து இருந்தது கடிகாரத்தில் அல்ல, அந்த ஆளிடத்தில். நாம் மட்டும் இன்னும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுக் கதை என்று சொல்லாதீர்கள். 2024 மார்ச்சில் நம் புதுச்சேரியையே உலுக்கிய அந்தச் சிறுமியின் சாவை யாரும் மறந்திருக்க முடியாது. ஒன்பது வயது. பட்டப்பகலில் வீட்டுப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை. அந்த வாரம் யாராவது "அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டோமா? கேட்க வாய் வரவில்லை. அப்படியானால் இருபது வயதுப் பெண்ணுக்கு மட்டும் அந்த வாய் எப்படி வருகிறது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், அயலான், கூட வேலை செய்கிறவன், காதலிப்பதாகச் சொன்னவன். இருட்டில் மரத்தடியில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாத ஆளை நினைத்துத்தான் நாம் ஏழு மணிக்குள் வீடு திரும்பு என்கிறோம். முகம் தெரிந்தவனைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இரவைப் பூட்டினால் பிரச்சினை தீரும் என்று அரசாங்கங்களே நினைப்பதுண்டு. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவமனையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர், தான் வேலை பார்த்த கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அதன்பின் மேற்கு வங்க அரசு வெளியிட்ட யோசனைகளில் ஒன்று, கூடியவரை பெண்களுக்கு இரவுப் பணி கொடுப்பதைத் தவிர்க்கலாம் என்பது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது, பாதுகாப்புக் கொடுப்பதுதான் அரசின் கடமை என்றது. எனக்கு அது சரியாகவே பட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் இரவில் நமக்கு ஊசி போட்டு, சொட்டு மருந்து மாற்றுவது யார்? பெரும்பாலும் பெண்கள்தானே. அவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டால் நம் கதி என்ன?

சரி, தப்பான கேள்வி, அவ்வளவுதானே, கேட்டுவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்தக் கேள்வியால் இரண்டு கேடுகள் விளைகின்றன.

முதல் கேடு, அது பெண்ணின் வாயை அடைக்கிறது. எங்கே போனாலும் திட்டு விழும் என்று தெரிந்த பெண் போகாமல் இருக்கமாட்டாள், சொல்லாமல் போவாள். தோழி வீட்டில் படிக்கிறேன் என்பாள். யாராவது பின்தொடர்ந்து வந்தாலும், அலுவலகத்தில் எவனாவது அசிங்கமாகப் பேசினாலும் வீட்டில் சொல்லமாட்டாள். சொன்னால் அவனுக்குத் தண்டனை கிடைக்குமோ இல்லையோ, இவளுடைய படிப்பும் வேலையும் நின்றுபோகும். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2013 முதல் நம் நாட்டில் தனிக் குற்றம். ஆனால் புகார் கொடுக்க வேண்டியவள், முதலில் வீட்டு நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கிறது. சின்னக் குற்றத்தோடு நிறுத்தியிருக்க வேண்டியவன் இப்படித்தான் பெரிய குற்றத்துக்குப் போகிறான்.

ஸ்ட்ராஸ்பூர் வழக்கில் அந்தப் பெண் வீடு பார்க்கப் போகிறாள் என்பது அவளைச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த விளம்பரத்தின் வழியே போன போலீசார் ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அவள் உயிரை அது மீட்கவில்லை. ஆனால் அவள் சொல்லாமல் போயிருந்தால், அவன் அடுத்த விளம்பரம் கொடுத்திருப்பான்.

இரண்டாவது கேடு இன்னும் கொடியது. அது பெற்றவர்களின் காலைக் கட்டிப்போடுகிறது. பெண் இரவு வீடு திரும்பவில்லை. உடனே காவல் நிலையம் போவதில்லை. வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், யாரோடாவது போயிருப்பாளோ, விடியட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். துணிந்து போனாலும் சில இடங்களில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அதே கேள்விதான் வருகிறது. காணாமல் போனவர்களைத் தேடுவதில் முதல் சில மணி நேரம்தான் தங்கம். அதை நாம் மானத்துக்குக் காவு கொடுக்கிறோம்.

இங்கே ஒரு பழைய குமாஸ்தாவாகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் கழிந்த பிறகுதான் புகார் வாங்குவார்கள் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். அப்படி ஒரு சட்டம் கிடையாது. காணாமல் போன ஒரு சிறுமியின் தந்தை போட்ட வழக்கில்தான் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் செல்லாது. பிரான்சிலும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கவலைக்கிடமான முறையில் ஒருவர் காணாமல் போனால் உடனே தேடத் தொடங்க வழி செய்கிறது.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள். கடைசியாகப் பார்த்த நேரம், உடுத்தியிருந்த உடை, கைபேசி எண், கடைசியாகப் பேசியவர் யார், எங்கே போவதாகச் சொன்னாள், எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். சமீபத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றை இணையுங்கள். நகலில் தேதியும் நேரமும் போட்டு ஒப்புகை வாங்குங்கள். காகிதத்தில் ஏறாத எதுவும் அரசாங்கத்தில் நடந்ததாகக் கணக்கில்லை. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு உதவி எண் 181. இந்த இரண்டையும் நாட்காட்டிப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

அப்படியானால் ஜாக்கிரதையே வேண்டாமா, திருடனுக்குப் பயந்து கதவைப் பூட்டுவதில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். கதவைப் பூட்டுகிறோம், உண்மை. ஆனால் திருட்டுப் போனால், பூட்டுச் சரியில்லை என்று வீட்டுக்காரனையா ஊர் கூடித் திட்டுகிறோம்? ஜாக்கிரதை வேண்டும். வாடகை வீடு பார்க்கப் போனால் தனியாகப் போகாதே, துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போ. முகவரியையும் அந்த ஆளின் எண்ணையும் யாருக்காவது அனுப்பிவிட்டுப் போ. இது ஜாக்கிரதை. வெளியே போகாதே என்பது ஜாக்கிரதை அல்ல, தடை. தடை போட்டால் ஒளிவு மறைவு வரும்.

இரவைச் சீர்படுத்தவும் வழிகள் உண்டு. பிரான்சில் நாந்த் நகரத்தில் 2015 முதல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரவுப் பேருந்தில் வரும் பெண்கள் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில், தங்கள் வீட்டுக்குக் கிட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் சொன்னால் போதும். பெரிய செலவு இல்லை, புதுச் சட்டம் வேண்டாம். பிறகு வேறு நகரங்களும் அதைப் பின்பற்றின. நம் ஊரில் இரவு ஏற ஏற டெம்போக்கள் குறைந்துவிடுகின்றன. கடையிலும் மருத்துவமனையிலும் வேலை முடித்து வரும் பெண்கள் சாலை ஓரத்தில் காத்து நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் விளக்கு எரிகிறதா, அடுத்த பேருந்து எப்போது என்பவைதான் நாம் மனுப் போட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள்.

என் பேத்தி இந்த ஆண்டு மேற்படிப்புக்காக லியோன் போகிறாள். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன். "எங்க இருந்தாலும், யாரோட இருந்தாலும், எந்த நேரமானாலும் பயமா இருந்தா தாத்தாவுக்குப் போன் பண்ணும்மா. ஏன் போனேன்னு கேக்கமாட்டேன்." அவள் சிரித்துவிட்டு, "கேக்கமாட்டீங்களா, நிஜமா?" என்றாள். அந்த 'நிஜமா' இரண்டு நாளாக என் காதில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நம்மீது இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

நமக்கோ இந்த வயதில் தூக்கம் வருவதில்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். அந்த விழிப்பை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே. உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், எந்நேரமும் கூப்பிடலாம், கேள்வி கிடையாது என்று. சொன்ன பிறகு, ராத்திரி படுக்கும்போது கைபேசியின் மணியை அணைத்து வைக்காதீர்கள்.